பத்து மாதப் பூச்சு

ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றால் எவரும் வியப்பதில்லை. படகின் அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணத்தைப் பற்றிய ஆய்வு என்று சொன்னால் மட்டும், "அதற்குக் கடலோர ஊரொன்று கிடைக்கவில்லையா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து மசூலிப்பட்டினம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்த மசூலிப்பட்டினம்தான் ஒரு காலத்தில் கோல்கொண்டா அரசின் துறைமுகம். குதுப் ஷாஹி மன்னர்களின் கப்பல்கள் அங்கிருந்து செங்கடல் வரை சென்றன. 17ஆம் நூற்றாண்டில் அதற்கு வடக்கே நரசாபுரத்தில் ஐரோப்பியரும் வந்து கப்பல் கட்டிக்கொண்டனர். இன்னொரு காரணமும் உண்டு. இன்று இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் என அறியப்படும் நிறுவனம் 1944இல் இங்கு தொடங்கப்பட்ட நாள்தொட்டு, எண்ணெய்களையும் பிசின்களையும் பூச்சுகளையும் பற்றிய வேதியியல் இந்நகரில் வேர்கொண்டிருக்கிறது. பூச்சு பிறப்பது ஆய்வகத்தில். அதைச் சோதிப்பதுதான் கடல். என் பலகைகள் ஆண்டுதோறும் தொடர்வண்டியில் கடலுக்குப் போய்த் திரும்புகின்றன.

என் துறையைச் சேராத நண்பர்களுக்காகச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் அமிழ்த்திய எப்பொருளும் வெறுமையாக இருப்பதில்லை. சில நிமிடங்களில் நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் அதன்மேல் மெல்லிய ஏடாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வருகின்றன. அடுத்த நாள்களில் ஒருசெல் பாசிகளும் பாசி வித்துகளும். பிறகு, நம் வெப்பக் கடல்களில் மிக விரைவிலேயே, ஓட்டுயிர்கள். இவற்றுள் என் ஆய்வின் எதிர்நாயகன் கொட்டலசு, ஆங்கிலத்தில் பார்னக்கிள் எனப்படுவது. எதிர்நாயகன் என்றேனே தவிர, இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதன் இளம் உயிரி கடைசிப் பருவத்தில் உணவே உண்பதில்லை. சேமித்த ஆற்றல் தீர்வதற்குள் வாழ்நாள் முழுமைக்குமான இடத்தைத் தேர்ந்தாக வேண்டும். தன் உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து, தொட்டுப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் விலகி, வேறிடம் நாடுகிறது. பிடித்துவிட்டால் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அதனைப் பெயர்க்க உளிதான் வேண்டும். படிவுத் தடுப்புப் பூச்சு என்பது, அந்த ஒரு கணத்தில், "இந்த இடம் வேண்டாம்" என்று அதற்குச் சொல்லும் கலை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? கடின ஓட்டுயிர்கள் மிகுதியாகப் படிந்த ஒரு போர்க்கப்பல் தன் வழக்கமான வேகத்தில் செல்வதற்கு 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படலாம் என்று அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடத்தின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007இல் கணக்கிட்டார். டீசல் விலையோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் விசைப்படகு உரிமையாளருக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டத் தேவையில்லை. படகு இழுக்க மறுப்பதை அவர் சுக்கானைப் பிடித்த கையிலேயே உணர்கிறார்.

ஹுசைன் சாகர் கரையில் மாலைநடை போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்த ஏரி நன்னீர் ஏரி; கொட்டலசுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் சுற்றுலாப் படகுகளின் நீர்மட்டக் கோட்டில் ஒரு பச்சைப் பாவாடை தொங்குகிறது. வெயில் விழும் அந்த ஒரு சாண் அகலத்தில்தான் பாசி செழிக்கும், கடலிலும் அப்படியே. அதே ஏரியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நடைபெறும் பாய்மரப் போட்டிக்கு வரும் லேசர் வகைச் சிறுபடகுகளின் அடிப்பகுதியோ கண்ணாடிபோல இருக்கும். அவற்றுக்குத் தடுப்புப் பூச்சு எதுவும் பூசுவதில்லை. வெற்றுடல் ஏறத்தாழ 59 கிலோ எடை. போட்டி முடிந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, கழுவி, கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். உலர்ந்த பரப்பில் எதுவும் குடியேறாது.

நம் கட்டுமரத்தின் இரகசியமும் இதுதான். கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்திவிடுவார்கள். கப்பற்புழு துளைக்கவும் கொட்டலசு ஒட்டவும் அவகாசமே கிடைப்பதில்லை. வள்ளங்களுக்கு மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசினார்கள். பெரிய கலங்களுக்குக் கலப்பற்று அடைத்துக் கீல் பூசினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பெருங்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, தாம் கண்ட வணிகக் கப்பல்களுக்குக் கீல் கிடைக்காமையால் சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் மர எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பூசினர் என்றும், ஓராண்டு ஓடிய கப்பலைச் செப்பனிடும்போது பழைய பலகையின்மேல் புதிய பலகையை வைத்து அறைந்தனர் என்றும் எழுதியிருக்கிறார். அரிக்கப்பட்டதை அகற்றாமல் அதன்மேலேயே இன்னொரு தோலைப் போர்த்தும் இந்த உத்தியை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு.

ஆக, உயிர்ப்படிவு என்பது படகின் நோய் என்பதைவிட, நீரிலேயே நிற்கும் படகின் நோய் என்பது பொருத்தம். தமிழகக் கடற்கரையில் இந்நோய் பரவலானது விசைப்படகுகள் பெருகி, அவற்றுக்கெனத் துறைமுகங்கள் அமைந்து, படகுகள் இரவும் பகலும் தளத்தோரம் கட்டிக் கிடக்கத் தொடங்கிய பிறகுதான்.

அந்தப் படகுகள் கரையேறும் பருவம் ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். அந்த இரண்டு மாதங்களில் தூத்துக்குடிக்கோ இராமேஸ்வரத்துக்கோ காசிமேட்டுக்கோ போனால், எப்போதும் நீருக்குள் மறைந்திருக்கும் படகின் அடிவயிற்றைப் பார்க்கலாம். என் களப்பணியின் பெரும்பகுதி தூத்துக்குடியில் இத்தகைய ஒரு தடைக்காலத்தில் கழிந்தது. பூச்சைப் பற்றி நான் நூல்களில் கற்றதற்கும், அங்கே நாற்பது ஆண்டுகளாகப் பெயின்ட் அடித்துவரும் ஒரு முதியவரிடம் கற்றதற்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கரையேறிய படகை உடனே சுரண்டிவிட வேண்டும் என்பார் அவர். ஈரம் காய்ந்தால் கொட்டலசு கல்லாகிவிடும். சுரண்டி, உளி, கம்பித் தூரிகை; பிறகு நன்னீரால் கழுவுதல். உப்பு சிறிது எஞ்சினாலும் பூச்சு கொப்புளம் கட்டும். மரப் படகென்றால் பொருத்துகளில் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிய பஞ்சுத்திரியை அறைந்து இறுக்க வேண்டும். எஃகுப் படகென்றால் துருவைப் போக்கி அடிப்பூச்சு. துத்தநாகக் கட்டிகளின்மேல் மறந்தும் தூரிகை படக்கூடாது. எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுச் சாவதற்கென்றே வைக்கப்பட்டவை அவை. இறுதியாகச் செம்பு ஆக்சைடு கலந்த சிவப்பு. அணியத்திலும் ஏராவின் விளிம்பிலும் சுக்கானிலும் மட்டும் ஒரு கை கூடுதல், ஏனெனில் அங்கேதான் நீர் உரசிப் பூச்சை விரைவாகத் தேய்க்கிறது. "முட்டு கொடுத்த இடத்த மறந்துட்டு எறக்கிட்டாம்னா, அடுத்த வருசம் அந்த எடத்துலதாம்மா வட்டம் வட்டமா புடிச்சிருக்கும்" என்று ஒரு படகின் அடியில் கூட்டிச் சென்று காட்டினார். முட்டுக்கட்டை தாங்கிய நான்கு இடங்களில், கைக்குட்டை அளவு சதுரங்களில், கொட்டலசு அடைசலாக இருந்தது. சுற்றிலும் தூய்மை. எந்த ஆய்விதழிலும் இத்தனை தெளிவான ஒப்பீட்டுச் சோதனையை நான் கண்டதில்லை.

செம்பின் வரலாற்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல ஆசை. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தது. புழுவும் படிவும் அண்டவில்லை. பின்னர் கடற்படை முழுவதும் செம்பு போர்த்திக்கொண்டது. ஆனால் செம்பு கடலில் அரிபட்டுக்கொண்டே இருந்தது, செலவு பெரிது. அதைத் தடுக்க வழிகாணுமாறு ஹம்ஃப்ரி டேவியைக் கேட்டார்கள். 1824இல் அவர் சொன்ன தீர்வு அறிவியல் நோக்கில் மிக அழகானது: செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ சிறிது இணைத்துவிட்டால், அரிமானம் முழுவதையும் அவை ஏற்றுக்கொள்ளும். செய்து பார்த்தார்கள். செம்பு அரிபடவில்லை. ஆனால் காப்புப் பெற்ற கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டி, அவை ஊர்ந்து வந்து சேர்ந்தன. செம்பு கப்பலைக் காத்தது தன் உறுதியினால் அன்று. தன்னைச் சிறிது சிறிதாகக் கரைத்து நீரில் கலந்ததனால். கரைவதை நிறுத்தியபோது காப்பும் நின்றது. என் துறையில் இன்றுவரை மாறாத விதி இதுதான். கொட்டலசு ஒட்டாமல் இருக்க, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் செம்பு வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியேறியது எங்கே போகிறது என்ற கேள்வியை உலகம் தாமதமாகத்தான் கேட்டது. 1960களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் வந்தது. பூச்சின் பாலிமரோடு பிணைக்கப்பட்டு, கடல்நீர் பட்டுப் படலம் படலமாக உரிந்து, ஐந்தாண்டுகள் வரை கப்பலைத் தூய்மையாக வைத்தது. வேதியியலாளராகப் பார்த்தால் அதைவிடச் சிறந்த பூச்சு இதுவரை வரவில்லை. அதே காலத்தில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்போரின் தொழில் சரிந்தது; சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளில் இதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்தின் கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்து, முட்டையிட முடியாமல் இனமே அருகியது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் அளவே இதற்குப் போதும். நம் நாட்டிலும் கோவாவின் கரையோர நத்தைகளில் இந்த மாற்றம் 1999இல் பதிவாயிற்று. மன்னார் வளைகுடாவின் சங்கும் அதே நத்தை வரிசையைச் சேர்ந்தது என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2001இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கொண்டுவந்த உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து இச்சேர்மத்தை விலக்கியது. இந்தியா 2014ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் திருத்தச் சட்டத்தின் வழியே அதனைத் தன் சட்டத்தில் சேர்த்தது. மாற்றாக வந்த நச்சுகளுள் ஒன்றான சைபுட்ரைனும் 2023 சனவரி முதல் விலக்கப்பட்டுவிட்டது.

இதைப் படிக்கும் சூழலியல் நண்பர்கள், "அப்படியானால் பூச்சே வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அவர்களை எண்ணூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் சில ஆண்டுகளாக 'காக்கா ஆழி' என்று மீனவர் அழைக்கும் ஒரு கருஞ்சிப்பி படுகையைக் கம்பளம்போல் மூடிவருகிறது. தென்னமெரிக்க, நடு அமெரிக்கக் கரைகளுக்குரிய உயிரினம் அது. அதன் அடியில் இறால் புதைய இடமில்லை. மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு இன்று கை வைக்க இடமில்லை. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கிறது. கப்பல்களின் நிலைப்பு நீரிலோ அடிப்பகுதியில் ஒட்டியோ அது வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கணிப்பு. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967இல் கண்டறியப்பட்ட இன்னோர் அயல் கருஞ்சிப்பியின் வரலாறும் இத்தகையதே. தூய்மையற்ற அடிப்பகுதி ஒரு கண்டத்தின் உயிரை இன்னொரு கண்டத்துக்குச் சுமந்து செல்லும் வண்டி. பூசினால் ஆர்க்கஷோன், பூசாவிட்டால் எண்ணூர். இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் கப்பலுக்குச் சொந்தக்காரர்கள் அல்லர்.

இனி என் ஆய்வுக்கு வருகிறேன். இத்துறையின் இன்றைய கவனமெல்லாம் சிலிக்கோன் பூச்சுகளின்மேல். நச்சில்லை, பரப்பு வழுக்கும், ஒட்டியது ஓட்டத்தில் தானே கழன்றுவிடும். ஆனால் அதற்குப் படகு மணிக்குப் பத்து முதல் பதினைந்து கடல்மைல் வேகத்தில் ஓட வேண்டும். அதிகம் நிற்கவும் கூடாது. நம் விசைப்படகு வலை இழுக்கும்போது இரண்டு, மூன்று கடல்மைலில் ஊர்கிறது. மீதி நேரம் தளத்தில் கட்டிக் கிடக்கிறது. எஃகுப் பெருங்கப்பலுக்காக எழுதப்பட்ட தீர்வு அது. சட்டமும் அப்படியே: மேற்சொன்ன உடன்படிக்கையின் தடை எல்லாப் படகுக்கும் பொருந்தும் என்றாலும், 24 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்குச் சான்றிதழோ உறுதிமொழியோ தேவையில்லை. நம் விசைப்படகுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன.

"ஒங்க பெயின்ட் எத்தன வருசம் நிக்கணும்னு பாக்கீய?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். ஐந்தாண்டு என்பதே உலக அளவுகோல், கப்பல்களின் உலர்துறைச் சுழற்சி அதுதான் என்றேன். சிரித்தார். "நமக்கு எதுக்கும்மா அஞ்சு வருசம்? பத்து மாசம் நின்னா போதும். அடுத்த தடைக்கு எப்படியும் மேல ஏத்தத்தான போறோம்."

விடுதிக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 300 நாளுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம்; ஒரு சதுர மீட்டருக்கு 30 கிராம் செம்பு. ஐந்தாண்டுக்கு என்றால் 180 கிராமுக்கு மேல். சந்தையில் கிடைக்கும் செம்புப் பூச்சுகள் பலவற்றில் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் செம்பு ஆக்சைடு. தேவைக்கு மேற்பட்ட செம்பு பூச்சிலேயே தங்கி, அடுத்த மே மாதம் சுரண்டும்போது செந்தூளாக மணலில் விழுகிறது. முகமூடியின்றிப் படகின் அடியில் மல்லாந்து கிடப்பவர்களின் மூச்சில் கொஞ்சம் போகிறது. எஞ்சியதை முதல் மழை துறைமுகத்துக்குள் கழுவிவிடுகிறது. கடலில் கரைந்ததாவது கொட்டலசை விரட்டும் வேலையைச் செய்தது. மணலில் விழுந்தது எவருக்கும் எந்த வேலையும் செய்யாத நஞ்சு. நம் தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வகுக்கப்பட்டது. ஆனால் அது ஒரு வேதியியலாளருக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதியையும் தருகிறது: எல்லாப் படகும் ஆண்டுக்கொருமுறை, ஒரே பருவத்தில், உறுதியாகக் கரையேறும். எனவே ஏப்ரல் நடுவில் செம்பு தீர்ந்துபோகும்படி அளந்து கலந்த பூச்சு ஒன்று இயலும். சுரண்டும்போது விழுவது பெரும்பாலும் வெற்றுப் பிசினாக இருக்க வேண்டும். இதுவே என் ஆய்வேட்டின் பொருள்.

பிசினுக்கு ஆமணக்கெண்ணெயை எடுத்துக்கொண்டேன். மகபூப்நகர், நல்கொண்டா மானாவாரி நிலங்களில் விளைவது. அதன் எஸ்டர் பிணைப்புகள் உப்புநீரில் மெல்ல அறுபடும். அந்த அறுபடும் வேகத்தைச் செம்பு வெளியேறும் வேகத்தோடு இணைத்துவிடுவதுதான் முழு வித்தையும். சொல்வதற்கு எளிது. வெப்பநிலை உயர உயர அறுபடுதல் விரைகிறது. தளத்தில் கட்டிக் கிடக்கும் படகுக்கும் ஓடும் படகுக்கும் தேய்மானம் வேறு. வடகிழக்குப் பருவமழையில் உப்பளவு குறைகிறது. ஹைதராபாத்தில் உப்பு கரைத்த தொட்டியில் ஒழுங்காக நடந்துகொள்ளும் பலகை, கடலில் தன் விருப்பப்படி நடக்கிறது. சென்ற பருவத்தில் தொங்கவிட்டவற்றுள் சில எட்டாம் மாதமே கைவிட்டன. சில பன்னிரண்டாம் மாதத்திலும் செம்பைத் தேக்கி வைத்திருந்தன. நடுவில் நின்ற மூன்று பலகைகளை வைத்துக்கொண்டுதான் இப்போது முன்னேறிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வு முன்னேற்றக் கூட்டம் ஒன்றில், "பத்து மாதமே நிற்கும் பூச்சை எந்த ஆய்விதழ் வெளியிடும்?" என்று கேட்டார்கள். நீடிப்பதையே சாதனையாகக் கொள்ளும் துறையில் இது எதிர்பார்க்கத்தக்க வினா. சிலிக்கோனுக்கு மாறிவிட்டால் இரண்டு கட்டுரைகள் விரைவில் வெளிவரும் என்று அக்கறையோடுதான் அறிவுறுத்தினார்கள். நான் மாறவில்லை. உரிய காலத்தில் தீர்ந்துபோவதும் ஒரு பண்பு. அதை அளக்க முடியும், வடிவமைக்க முடியும், அதற்கும் வேதியியல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலைதான் எனக்கே இன்னும் தெளியாத இடம். இப்போதைய மலிவான சிவப்பைவிட ஒரு டின்னுக்குச் சிறிது கூடினாலும் படகு உரிமையாளர் வாங்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

அடுத்த தொகுதிப் பலகைகள் அணியமாகிவிட்டன. தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் நாளிலேயே அவற்றையும் இறக்க வேண்டும். ஜூன் நடுவில் இரண்டு வாரம் தூத்துக்குடியில் இருப்பேன். கடற்கரை ஊர்களைச் சேர்ந்த நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்துக்காகத் தொழிற்சொற்களைத் திரட்டி வருகிறேன். ஏரா, அணியம், கடையால், கலப்பற்று, கீல் ஆகியவை கைவசம் உள்ளன. படகைச் சுரண்டும் கருவிக்கும், அடிப்பகுதியில் பிடிக்கும் ஒவ்வொரு வகைப் படிவுக்கும், கடைசிக் கைப் பூச்சுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்று, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.